பாட்டிலில் விட்ட இரண்டு விரற்கடை

என் வீட்டுக்காரர் தனபாலுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் இருபத்திரண்டு வருஷமாகப் பாலைச் சோதித்து அளவு சொல்கிறவர். அவர் சொன்னதை ஒருத்தரும் மறுத்ததில்லை. நான் வைத்த ரசத்தைக்கூடக் கரண்டியில் தூக்கிப் பார்த்துத் தண்ணீர் அதிகம் என்பார். அந்த மனிதர் போன சித்திரையில் ஊர்க்கூட்டத்தில் கைகட்டி நின்றார்.

ஏரிக்குக் கீழே ராமாயி அக்காவின் கிணறு. அது ஏரித் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று புகார். உண்மையானால் மோட்டாரை நிறுத்துவது என்று ஊர் முடிவு. அக்கா புருஷனை இழந்தவர்; மூன்று மாடும் ஒரு ஏக்கர் மரவள்ளியும் அந்தக் கிணற்றை நம்பித்தான்.

சோதிக்கச் சேலத்துக் கல்லூரியிலிருந்து வினோலியா என்ற பெண் வந்தாள்.

"தண்ணியில இலேசானதும் கனமானதும் கலந்திருக்குங்க. ஐசோடோப்புன்னு சொல்லுவோம். கடல் ஆவியாகறப்ப இலேசானதுதான் அதிகமாக் கெளம்பும். அதனால கடல் கனம், மழை இலேசு. ஏரியும் வெயில்ல காஞ்சு கனமாயிரும். கிணறு இலேசா இருந்தா மழைத்தண்ணி, கனமா இருந்தா ஏரித்தண்ணி."

ஏரித் தண்ணீரை அவளே பாட்டிலில் பிடித்தாள். ராமாயி அக்கா அன்று கெங்கவல்லியில் மகள் வீட்டில் இருந்ததால் கிணற்று வேலிக் கதவு பூட்டிக் கிடந்தது. மறுநாள் பிடித்துவைக்கச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் பாட்டிலைக் கொடுத்தாள். காற்றுக்கு இடமிருந்தால் பாட்டிலிலேயே ஆவியாகிக் கனமாகிவிடும், நிறைத்து இறுக்கி மூட வேண்டும் என்றாள். எனக்கே சொல்லித் தருகிறாயா என்பது போல இவர் சிரித்தார்.

சோதிக்குமுன் குலுக்க வேண்டும் என்பதால் பால் பாட்டிலில் மேலே இரண்டு விரற்கடை காலியாக விடுவது இவர் வழக்கம். கைப்பழக்கத்தில் தண்ணீருக்கும் விட்டார். மூடியையும் இறுக்கவில்லை. கல்லூரி வண்டி வந்து எடுக்கும்வரை பத்து நாள் அது சொசைட்டித் தகரக் கூரையடியில் வெந்தது.

"ஏனுங்க, ரொப்பலையா?" என்றேன்.

"உன்ற வேலையப் பாரு."

கூட்டத்தில் வினோலியா தாளைப் பார்த்து, கிணற்றுத் தண்ணீரும் கனம்தான் என்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நெறைச்சு மூடுனீங்கதானே?"

"ஆமாங்க" என்றார். அட பாவி மனுஷா, ஒரு குடும்பம் போகிறதே என்று மனசுக்குள் திட்டினேன். ஊர்த் தலைவர் மோட்டாரை நிறுத்தச் சொல்ல எழுந்துவிட்டார்.

ராமாயி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தம்பி புடிச்சுதுன்னா செரியாத்தான் இருக்கும். நிறுத்திக்கங்க சாமி."

இவர் எழுந்தார்.

"ரெண்டு விரக்கடை உட்டுட்டனுங்க. மூடியும் இறுக்கல. கேட்டதுக்குப் பொய் சொல்லிப்போட்டன். தப்பு எம்பேர்லதான்."

அப்போதே எல்லோரும் கிணற்றுக்குப் போனோம். இந்த முறை வினோலியா பாட்டிலைத் தண்ணீருக்குள் முக்கியே மூடினாள். மூன்று வாரத்தில் முடிவு வந்தது: மழைத்தண்ணீர். மோட்டார் ஓடுகிறது.

ஆனால் கூட்டத்துக்கு மறுநாள் காலையிலேயே சொசைட்டியில் ஆளாளுக்கு, இன்னொரு தரம் பாருங்க என்றார்கள். இவர் தலைகுனிந்து ஒவ்வொருவர் பாலையும் இரண்டு தரம் சோதித்தார்.

ராமாயி அக்காவும் பாலை ஊற்றினார். அவர் மட்டும் எப்போதும்போல அளவு என்னவென்று கேட்காமல் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.