குழாய் மாற்றிய அன்று ஸ்பீக்கரில் கேட்டது

பேய், ஆவி என்று யார் சொன்னாலும் நான் நம்பினதில்லை. கேஸ் கசியுமோ, மாடித் தொட்டி வெடிக்குமோ, பிள்ளை போன பஸ் கவிழுமோ என்று எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவள்தான், ஆனால் பேய்க்கு மட்டும் பயந்ததில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் கதை விடுகிறாள் என்று நினைத்தாலும் சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் முட்டத்துக்குப் பக்கம். அன்று மாதா கோயில் திருவிழாவின் பத்தாம் நாள், தேர்ப் பவனி. அன்றைக்கென்று பார்த்து குளியலறை வாஷ்பேசின் குழாய், பிளாஸ்டிக் குழாய், கழுத்தோடு ஒடிந்துவிட்டது. மதியம் மகள் ஐந்து நாள் குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். தேர் நாளில் எந்தப் பிளம்பர் வருவான்? மாற்றுவதற்கென்று எப்போதோ வாங்கிய ஸ்டீல் குழாய் வீட்டில் கிடந்தது, நானே மாட்டிவிடலாம் என்று மஸ்கட்டிலிருக்கும் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, போனைக் கண்ணாடித் தட்டில் சாய்த்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏட்டி, மேல வால்வ அடைச்சியா?"

"அடைச்சாச்சு."

"வாஷ்பேசின உடைச்சிராத. பிறகு ஒன்னையும் சேத்துல்லா மாத்தணும்."

பழையதன் பிளாஸ்டிக் நட்டுகளைத் திருகிக் கழற்றி, புதியதை ஓட்டையில் இறக்கி, அடியில் குனிந்து நட்டைத் திருகி, கம்பி பின்னிய வெந்நீர் ஓஸைப் பிடிக்கக் கையை நீட்டினேன் பாருங்கள், "ஏட்டி, கைய எடு!" என்று போனில் ஒரு சத்தம். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

"இடப்பக்கத்து ஓஸத் தொடாத. கரண்டு மெயின அடைச்சிட்டு வா."

"ஹீட்டர் சுவிட்ச் அடைச்சுதான் கெடக்கு."

"சொன்னதச் செய்யி. கரண்டுகாரன் வந்து பாக்காம மெயினப் போடாத."

அடைத்துவிட்டு வந்தேன். அதன்பிறகு வாஷர் எப்படி வைக்க, எவ்வளவு இறுக்க என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார், நானும் அப்படியே மாட்டி முடித்தேன்.

மகள் வந்ததும், "பச்சப்பிள்ளைய வச்சிட்டு ஃபேன் இல்லாம வேகணுமா? ஒங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்று கத்தினாள். நான் அசையவில்லை. பவனி முடிந்துதான் எலக்ட்ரீசியன் வந்தான். பேசினுக்குப் பின்னால் ஹீட்டர் வயர் தோல் உரிந்து, வெந்நீர் ஓஸின் கம்பியில் பட்டுக்கிடந்தது.

"அக்கா, சுவிட்சுக்கு வயர மாத்திக் குடுத்திருக்கான், அடைச்சாலும் இதுல கரண்டு நிக்கும். பழைய குழாய் பிளாஸ்டிக்கா இருந்ததால இத்தன நாளும் தப்பிச்சிய. இந்த ஸ்டீல்ல ஈரக்கையோட யாரு தொட்டிருந்தாலும் ஆளு காலி."

மகள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

மாதாவே மாதாவே என்று அழுதுகொண்டே, நன்றி சொல்ல அவருக்குப் போன் பண்ணினேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னட்டி சொல்லுத? பேசின உடைச்சிராதன்னு சொன்னேன், அதோட நெட்டு போச்சு. நான் டூட்டிக்கு ஏறிட்டேன்லா."

போனில் பார்த்தால் பேசியது மூன்று நிமிடம். நான் வேலை செய்தது ஒரு மணி நேரம். அதுவுமில்லாமல் அந்தக் குளியலறை அவர் கடைசியாக வந்துபோன பிறகு கட்டியது, எந்த ஓஸ் எந்தப் பக்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

யாராக இருந்தாலும் நல்லா இருக்கட்டும். பேத்தியைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அந்தக் குரலுக்கும் சேர்த்துத்தான் ஜெபம் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. வேலை முடிந்து கை துடைக்கும்போது, எப்போதும் கேட்கிற மாதிரி, "லீவுக்கு எப்பம் வருவிய?" என்று கேட்டேன்.

"நான் இங்கனதான நிக்கேன்."

கேலி பண்ணுகிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.