சந்திரமௌலி அத்தானின் நெஞ்சில் ஏறிய பேய்

என் அக்கா கமலநாயகியின் புருசன் சந்திரமௌலி பேய்க்குப் பயந்தவர் அல்லர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மனுசன் ஆடிய கூத்தின் அருமை உங்களுக்கு விளங்காது. ஜேர்மனியில் நாங்கள் இருக்கிற பீலெஃபெல்டில் யாராவது பிள்ளைக்கு நூல் கட்டினார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், ஒரு கிழமைக்கு அதையே சொல்லிச் சிரிப்பார். அக்காவைக் கோயிலுக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, தான் காருக்குள் இருந்து பேப்பர் வாசிப்பார்.

எண்பத்தெட்டில் இலங்கையில் இருந்து அகதியாக வந்தவர். சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார், துணி வெளுக்கும் தொழிற்சாலையில் நின்றார், முப்பத்தெட்டு வயதில் பஸ் லைசென்ஸுக்குப் படித்தார். எழுத்துச் சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டார். மூன்றாம் தரம் கிடைத்த அந்த அட்டையைக் கொண்டுபோய்ச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்தது அக்கா இல்லை, அவரேதான். அன்றிலிருந்து இருபது வருசமாக நகர பஸ் ஓட்டுகிறார்.

அப்படிப்பட்ட மனுசன் போன ஐப்பசியில் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: "மச்சாள், என்ர நெஞ்சில ஒண்டு வந்து ஏறி இருக்குது."

விடிய நாலு மணிக்குப் பஸ் எடுப்பவர் அவர். மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். கொஞ்ச நேரத்தில் ஏதோ நெஞ்சை அமத்துமாம். கண் திறந்தால் அறையில் ஒருவரும் இல்லையாம், கை கால் அசையாதாம், கத்த வாய் வராதாம்.

"பட்டப்பகலில வாற பேயோ?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பேயும் இல்லை, பிசாசும் இல்லை," என்றாள் அக்கா. "மூச்சு நிண்டு நிண்டு வருது. குறட்டை எண்டால் வீடே அதிருது. டொக்டரிட்டப் போங்கோ எண்டு நான் சொல்லாத நாள் இல்லை."

"வருத்தம் ஒண்டும் இல்லை. பேய்தான்," என்றார் அத்தான்.

எனக்குத் தலை சுற்றியது. வெள்ளிக்கிழமை விரதம் தவறாத அக்கா வருத்தம் என்கிறாள், கடவுளே இல்லை என்கிறவர் பேய் என்கிறார்!

அந்தப் பேயை அவருக்கு அறிமுகம் செய்தது ஹாகெமன் என்கிற ஜேர்மன் அம்மா. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தினமும் பஸ்ஸின் முன் சீட்டில் இருந்து அத்தானோடு கதைத்துக்கொண்டு வருபவர். அந்தக் காலத்தில் இந்த நாட்டுச் சனங்கள் அல்ப் என்று ஒரு பேயை நம்பினார்களாம். கதவுப் பூட்டின் திறப்புத் துவாரத்தால் புகுந்து, படுத்திருப்பவர் நெஞ்சில் குந்துமாம். கெட்ட கனவுக்கு ஜேர்மன்காரர் இன்றைக்கும் அதன் பெயரைத்தான் சொல்கிறார்கள். உடம்பு நித்திரையில் கிடக்க மனம் மட்டும் முழித்துக்கொள்வதுதான் அப்படிப் பேயாகத் தெரிந்திருக்கும், மூச்சு அடைபடுகிறவர்களுக்கும் அது வரலாம் என்று இந்தக் காலத்து டொக்டர்மார் சொல்வதையும் அந்த அம்மா சொல்லியிருக்கிறார். அத்தான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றப் பாதியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

பிறகென்ன! அல்ப்பைத் தடுக்க அந்த அம்மா சொன்னதெல்லாம் வீட்டில் நடந்தது. திறப்புத் துவாரத்தில் பஞ்சு. கட்டிலடியில் சப்பாத்து, நுனி இரண்டும் வாசலைப் பார்த்தபடி. கதவோரம் வீடு கூட்டுகிற தும்புத்தடி. கட்டில் காலில் சோக்கட்டியால் கீறிய ஐந்து முனை நட்சத்திரம். "கோயில் திருநீறு மட்டும் மூடநம்பிக்கையாம்," என்று அக்கா கறுவினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் தனியே பிடித்துக் கேட்டேன். "அத்தான், உண்மையைச் சொல்லுங்கோ. உங்களுக்கு என்ன விசரோ?"

அவர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மார்கழியில லைசென்ஸ் புதுப்பிக்க மருத்துவச் சோதனை. திகதி குறிச்சு டெர்மின் வந்திட்டுது. நித்திரையில மூச்சு நிக்கிறதோ, பகலில நித்திரை தூங்குதோ எண்டு போர்மில கேட்டுக் கிடக்கு. வருத்தம் எண்டால் எழுத வேணும். எழுதினால் பஸ் போச்சு. பேய் பிடிச்சிருக்கோ எண்டு ஒரு இடத்திலயும் கேக்கேல்லை."

விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு பாவமாகவும் இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் பஸ்ஸை விட்டால் அந்த மனுசனுக்கு வேறு என்ன இருக்கிறது?

பஞ்சுக்கும் சப்பாத்துக்கும் அல்ப் மசியவில்லை. ஹாகெமன் அம்மா கடைசி வைத்தியத்தைச் சொன்னார். அது அமத்தும்போது, "நாளைக்கு வா, இரவல் தாறன்" என்று சொல்லவேண்டுமாம். மறுநாள் முதலாவதாக எதையாவது இரவல் கேட்டு வருகிற ஆள்தான் அல்ப். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தான் அதை ஜேர்மனிலேயே, மனதுக்குள், சொல்லி முடித்தார்.

சனிக்கிழமை காலை நான் போய் மணி அடித்தேன். எனக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் தெரியாது.

"அக்கா, உன்ர இடியப்ப உரலை ஒருக்கா இரவல் தாறியே?"

"பிடிச்சிட்டன்!" என்று கதவுக்குப் பின்னால் இருந்து அத்தான் பாய்ந்தார். அவர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல எனக்கு உச்சி கொதித்தது.

"ஆரைப் பாத்துப் பேய் எண்டுறியள்? உங்கட பிரஜாவுரிமை அன்ட்ராக் போர்ம் பதினாலு பக்கத்தையும் நிரப்பித் தந்தது இந்தப் பேய்தான்!"

"உம்மில எனக்குக் கோபம் இல்லை மச்சாள். ஆனால் மார்கழி முடியுமட்டும் இந்தப் பக்கம் வராதையும்."

"வராமல் விடுறன். நேரை உங்கட கொம்பனி டொக்டரிட்டப் போறன்!"

அக்கா குசினிக்குள் இருந்து ஈரக் கையோடு வந்தாள். "அவளை விடுங்கோ," என்றாள். "அது நான்தான்."

"என்ன நீர்?"

"உங்கட நெஞ்சை அமத்தினது நான். குறட்டை திடீரெண்டு நிக்கும். நான் எண்ணுவன். இருபது எண்ணியும் மூச்சு வரேல்லை எண்டால் ரெண்டு கையாலயும் அமத்தி உலுப்புவன். மூச்சு வந்த உடனை குசினிக்குப் போய்க் கறிக்குப் போஞ்சி வெட்ட இருந்திடுவன்."

அக்கா எண்பத்தைந்து கிலோ. "கோதாரி!" என்று என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அத்தான் பொத்தென்று கதிரையில் இருந்தார்.

"ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை?"

"டொக்டரிட்டப் போங்கோ எண்டால் பாய்ஞ்சு விழுந்தியள். பஸ் போனால் உடைஞ்சு போவியள் எண்டும் எனக்குத் தெரியும். அதுதான் நானே பாத்துக்கொள்ளுவம் எண்டு விட்டிட்டன்."

"எத்தினை நாளாய்?"

"சித்திரையில இருந்து."

"இரவிலயும்?"

"இரவிலயும்தான்."

"அப்ப நீர் எப்ப நித்திரை கொள்ளுறனீர்?"

"நீங்கள் விடிய வெளிக்கிட்டாப் பிறகு, நான் அரைநாள் வேலைக்குப் போகுமட்டும். மூண்டு மணித்தியாலம். அந்த நேரம்தான் எனக்கு நிம்மதி. பஸ் ஓடேக்குள்ள நீங்கள் முழிச்சிருப்பியள்தானே."

அத்தானின் முகம் வெளிறிவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இந்தக் கிழமை சிவப்பு லைற்றில ரெண்டு தரம் கண் அயந்திட்டன். பின்னால நிண்ட கார்க்காரன் ஹோர்ன் அடிச்சுத்தான் முழிச்சனான். பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளையள்."

அக்கா சுவரோரமாக ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

அத்தான் எழும்பி, போனை எடுத்து, டிப்போவில் வேலை பிரிக்கிறவரைக் கூப்பிட்டார். திங்கட்கிழமைக்கு வேறு ஆளைப் போடச் சொன்னார். என்ன வருத்தம் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். அத்தான் ஒருக்காத் தொண்டையைச் செருமிவிட்டு, நித்திரையில் தனக்கு மூச்சு நின்றுபோகிறது, பகலில் கண் சொருகுகிறது, தான் பஸ் ஓட்டுவது சரியில்லை என்று ஒவ்வொரு சொல்லாக ஜேர்மனில் சொன்னார்.

போனை வைத்துவிட்டு அவர் திரும்பினார். அக்கா சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி, கதிரையிலேயே நித்திரையாகிவிட்டிருந்தாள். கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கலாம் என்று நான் அவள் தோளைத் தொடப் போனேன்.

"எழுப்பாதையும்," என்றார் அத்தான். "ஏழு மாத நித்திரை."