இரண்டு லென்ஸ், ஒரு பழி

எங்கள் தெருவில் என் வீட்டுக்காரருக்குப் பெயர் "ஆடாதீங்க". முப்பது வருடமாக ஸ்டுடியோ நடத்துகிறார். எதிரே ஸ்டூலில் யார் உட்கார்ந்தாலும் முதலில் அதைத்தான் சொல்வார். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர், ஓய்வு பெறும் நாளில் கோட்டு மாட்டிக்கொண்டு வருகிற மேனேஜர், எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்வார்கள். அவரும் உலகத்தையே தான்தான் பிடித்து நிறுத்தியிருப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்.

தப்பு என்று ஒன்று நடந்துவிட்டால் அதற்கு ஓர் ஆள் வேண்டும் அவருக்கு. கரண்ட் போனால் வீட்டு ஓனர். சளி பிடித்தால் நான். படம் மங்கினால் என் தம்பி.

தம்பி அவரோடு ஸ்டுடியோவில் வேலை பார்த்தான். அழுகிற குழந்தையைக்கூட அரை நிமிடத்தில் சிரிக்க வைத்துப் படம் எடுத்துவிடுவான். பதினோரு வருடத்துக்கு முன், முகப் படங்களுக்கென்றே வாங்கிய லென்ஸை, வாங்கிய மாதமே படிக்கட்டில் தவறவிட்டான். உறையோடு இரண்டு படி உருண்டது. யாரும் பார்க்கவில்லை, அவனே வந்து சொன்னான். அந்த நேர்மைதான் அவனுக்கு எமனாக வந்தது. அதன்பின் கண் மங்கி, காது மட்டும் பளிச்சென்று விழுந்த ஒவ்வொரு படத்துக்கும் அவன்தான் காரணம். சர்வீஸில் இரண்டு முறை பிரித்துப் பார்த்து, லென்ஸில் குறையே இல்லை என்றார்கள். அவர்களுக்கு வேலை தெரியாது என்றார் இவர்.

ஒரு மணப்பெண்ணின் அப்பா ஆல்பத்தை மேசையில் வீசிவிட்டுப் போன அன்று, பத்துப் பேர் நடுவில் இவர் தம்பியைப் பார்த்து, "விளங்காத கைடா உனக்கு. எதைத் தொட்டாலும் கீழதான்" என்றார். மறுநாள் அவன் வரவில்லை. கேமராவையே விட்டுவிட்டு ஒரு பார்சல் கிடங்கில் சேர்ந்தான். எங்கள் வீட்டு வாசலை அதோடு மிதிக்கவில்லை.

போன வாரம் புது லென்ஸ் வந்தது. பழசையும் புதுசையும் ஒப்பிட்டு, போட்டோகிராபர்கள் குழுவில் போட வேண்டும் என்று துடித்தார்.

"இத்தனை வருஷம் நான் எதை வச்சு மாரடிச்சேன்னு நாலு பேர் பார்க்கட்டும்."

படத்துக்கு உட்கார வேறு யார் இருக்கிறார்கள், நான்தான். ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, அதன் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டினார். முதலில் கேமராவை ஸ்டாண்டில் வைத்து எடுத்தார். பழசு கிர்ர் என்று முன்னும் பின்னும் தேடி, ஒருவழியாக என் கண்ணைப் பிடித்தது. புதுசு சத்தமே இல்லாமல் நொடியில் பிடித்தது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டிலும் என் இமைமுடியை எண்ணலாம். வேகத்தில்தான் வித்தியாசம், துல்லியத்தில் பழசு கொஞ்சமும் சளைக்கவில்லை.

அவர் முகம் சுருங்கிவிட்டது.

"ஸ்டாண்ட்ல வச்சா எதுவும் நல்லாத்தான் வரும். கையில எடுக்கறேன், பாரு."

ஒவ்வொன்றிலும் பத்துப் படம் எடுத்தார். பழசில் ஏழு படத்தில் கண் மங்கல், காது பளிச். புதுசிலும் ஏழு.

ஸ்டூலில் இருந்த எனக்கு விஷயம் அப்போதுதான் உறைத்தது. கண்ணைப் பிடித்ததும் கேமரா பீப் என்று சொல்லும். அதற்கப்புறம், பட்டனை அழுத்துகிற நேரத்தில், இவர் இடுப்பிலிருந்து நாலு விரல் முன்னால் சாய்கிறார். அவ்வளவு கிட்டத்தில் எடுக்கும்போது அதுவே போதும், கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் காதுக்குப் போய்விடும். ஊரையெல்லாம் ஆடாதே என்ற மனிதர் இத்தனை காலமும் தான் ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சாய்வை நான் பார்க்கிறேன். ஸ்டைல் என்று ரசித்துக்கூட இருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"நீங்கதான் சாயறீங்க. தம்பி மேல எந்தத் தப்பும் இல்லை" என்றேன்.

அவர் எடுத்த படங்களை ஒன்று விடாமல் அழித்தார். பழைய லென்ஸைத் துடைத்து, உறையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"இதை உன் தம்பிக்கே குடுத்துடு. நான் மன்னிச்சுட்டேன்னு சொல்லு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் கிடங்கு வாசலுக்குப் போய், நடந்ததை நடந்தபடி தம்பியிடம் சொன்னேன். அவர் சொன்ன மன்னிப்பையும் மறைக்கவில்லை. அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தான்.

"எனக்குப் பாப்பா பொறந்தப்புறம் ஒரு வருஷம், அக்கா, நான் அவளை நின்னுக்கிட்டுத் தூக்கினதே இல்லை. தரையில உட்கார்ந்துக்கிட்டு, மடியில போடச் சொல்லித்தான் வாங்கிப்பேன். விட்டுடுவேனோன்னு பயம்."

"என்கிட்ட சொல்லவே இல்லையேடா."

"என்னன்னு சொல்றது?"

உள்ளே மணி அடித்தது. லென்ஸுக்கு அவன் கையை நீட்டவேயில்லை. "பார்த்துப் போக்கா" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினான். பஸ்ஸில் வழி நெடுக அழுதேன்.

வீட்டுக்கு வந்து உறையை மேசைமேல் வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கிக்கலையா?"

"இல்லை."

"பாத்தியா, இன்னும் திமிரு அடங்கலை அவனுக்கு."