வெல்வெட் உறை போட்ட கம்ப்யூட்டர்

எங்கள் வீட்டில் உறை போடாத பொருள் கிடையாது. டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் தாள். கடையில் சுற்றிக் கொடுத்த பாலிதீனைப் பிரிக்காமலே சோபாவில் வருஷக்கணக்காக உட்கார்ந்து வருகிறோம். வெயில் காலத்தில் நாம் எழுந்தால் அதுவும் ஒட்டிக்கொண்டு கூடவே எழும்.

சென்னையில் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் எனக்கு வேலை. கட்டப்போகிற வீடு முடிந்தபின் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாக்கித் தருவேன். அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டேன். வீட்டிலிருந்து வேலை பார்க்க மேலாளர் சம்மதித்தார். ஆனால் படங்கள் தாமதமானால் மறுபேச்சில்லாமல் சென்னைக்குத் திரும்பிவிட வேண்டும். அப்பாவை விட்டுப் போக எனக்குப் பயமாக இருந்தது.

கம்ப்யூட்டர் வாங்க அப்பாவும் வந்தார். ஓய்வுபெற்ற அரசு அதிகாரி, எதையும் விசாரிக்காமல் விடமாட்டார். மாப்பிள்ளைக்கு நட்சத்திரம் கேட்பதுபோல ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் என்று கேட்டார்.

"இதைவிட வேகமா ஓடுதது இல்லையா வே?"

"இதுக்கு மேல வேகம்னா ராக்கெட்தான் வாங்கணும் அண்ணாச்சி," என்றார் கடைக்காரர்.

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் ராக்கெட் கதையைச் சொன்னார். அம்மா, ரவிக்கைக்கு எடுத்து மிஞ்சிய மெரூன் வெல்வெட்டில் ஜரிகைக் கரை வைத்துக் கம்ப்யூட்டருக்கு உறை தைத்துப் போட்டாள். பிறந்ததிலிருந்து உறைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். இது என் கண்ணில்கூடப் படவில்லை.

ராக்கெட் சில நாள் பறந்தது. பிறகு ஜவ்வாக இழுத்தது. காலைக் காப்பிக்கும் பலகாரத்துக்கும் நடுவே முடிந்துவிடும் படம், மத்தியானச் சாப்பாடு ஆகியும் முடியவில்லை. வைரஸ் என்றார் மாமா. கண்ணேறு என்று அத்தை மிளகாய் சுற்றிப் போட்டாள். வேகம் போதவில்லை என்று அப்பா கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸரை இன்னும் பெரிதாக வாங்கி மாட்டச் செய்தார். அது முன்னதைவிட மெதுவாக ஓடியது. சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்ததும் வேலையைக் குறைத்துக்கொள்ளும் ஆள் மாதிரி.

மேலாளர் பொறுமை இழந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் படங்கள் வராவிட்டால் திங்கட்கிழமை நான் சென்னை அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்றார். அழுகையாக வந்தது.

வியாழன் காலை அம்மா சத்தம் போட்டாள். "ஏட்டி, இங்கன வந்து பாரு! மாவு பொங்கி வழியுது!"

மழைக்காலத்தில் இட்லி மாவு புளிக்கவில்லை என்று அவள் தினமும் புலம்புவாள். வீட்டிலேயே கதகதப்பான இடம் எதுவென்று கண்டுபிடித்து, கம்ப்யூட்டர் பெட்டியின் தலைமேல் மாவுச் சட்டியை வைத்திருக்கிறாள். நல்லவேளை, வழிந்த மாவை வெல்வெட் குடித்துவிட்டது. அந்த உறை செய்த ஒரே உபகாரம் அதுதான்.

உறைமேல் கை வைத்தேன், சுட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ப்ராசஸர் வேகமாக ஓட ஓடச் சூடாகும். சூட்டை வெளியே தள்ள வழியில்லையென்றால், கருகிப் போகாமலிருக்கத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரிய ப்ராசஸருக்குச் சூடும் பெரிது. நாங்கள் ராக்கெட்டை வாங்கிக் கம்பளி போர்த்தியிருந்தோம்.

உறையை உருவப் போனேன். அப்பா தடுத்தார். "உள்ள தூசி போயிரும்லாம்மா!"

"இது கிடந்தா நான் சென்னைக்குப் போகணும்ப்பா."

அவர் குனிந்து தானே உறையை உருவி எடுத்தார்.

பெட்டிக்குள் விசிறிகள் இரைந்தன, படங்கள் மளமளவென்று முடிந்தன. வெள்ளிக்கிழமை மத்தியானமே அனுப்பிவிட்டேன். மேலாளர் போனில் அசந்துபோனார். "ஆபீஸ் மெஷினைவிட உங்க வீட்டு மெஷின் வேகமா இருக்கே! நீங்க சென்னைக்கு வரவே வேண்டாம். அங்கிருந்தே இன்னொருத்தர் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கோங்க."

அப்பா தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தார். நான் கதவைச் சாத்திக்கொண்டு அந்த இன்னொருத்தர் வேலையைத் தொடங்கினேன். பொழுது விடிந்தால் மீட்டிங், அடைந்தால் திருத்தம். அம்மா சாப்பாட்டை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போகிறாள். அப்பா கதவருகே வந்தால், பைய பேசுங்கள் என்று சைகை காட்டுகிறேன்.

நேற்று போன் அடித்தது. அப்பா. பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுகிறார்.

"ஊருக்கு எப்பம்மா வருத?"