ஆவி பறந்த குளிர்ப் பாயாசம்

என் அத்தான், அதாவது அக்காவின் கணவர், கனடாவில், பிறம்ரன் நகரில் உறைந்த உணவு வைக்கும் கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பகல் முழுக்க ஐஸ் பிடித்த பட்டாணிக்கும் மீனுக்கும் நடுவில், கண் மட்டும் தெரிய மூடிக்கட்டிக்கொண்டு வேலை. பிறகு ரூஜ் பகுதியில் இருக்கும் வீட்டுக்கு வந்து, கராஜ் வாசலில் பனிக்குள் நின்றபடி வேப்பை, அதாவது மின்சிகரெட்டை, உறிஞ்சுவார். உறிஞ்சிவிட்டு, "குளிர் காணாது தம்பி" என்பார். நான் கூட்டிச் சொல்லவில்லை. இதைச் சொன்னபோது அவருடைய மூக்கு நுனி சிவந்திருந்தது.

அவர் சிகரெட்டை விட்டுவிட்டார் என்று அக்கா எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். விட்டது உண்மை. விட்ட இடத்தில் ஒரு தொழிற்சாலை வந்தது. கடையில் விற்கும் வேப் ஜூஸ் வரியால் விலை ஏறிவிட்டதென்று தானே கலக்கத் தொடங்கினார். கராஜில் ஒரு மேசை, கையுறை, கிளிசரின் போத்தல்கள், மாம்பழம், லிச்சி என்று வாசனைச் சொட்டுகள். நிக்கொட்டினை மட்டும் தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டி உயரத்தில் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் இரசாயனத்தை வெறுத்த மனிதர், இப்போது தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை எடை பார்த்தார்.

மாம்பழத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. தொண்டையில் சில்லென்று இறங்காத ஜூஸ் ஜூஸே இல்லை என்று யூடியூபில் ஒரு தாடிக்காரர் சொல்லியிருந்தார். முதலில் மெந்தோல் போட்டார். வீடு முழுக்கத் தைலம் மணத்தது. அக்கா ஓடர் எடுத்து வீட்டிலேயே சமைத்துக் கொடுப்பவள். ரோல்ஸ் வாங்கிப் போன ஒருவர் வீட்டில் யாருக்கும் சளியோ என்று விசாரித்ததும் மெந்தோலுக்குத் தடை விழுந்தது. அத்தான் சளைக்கவில்லை. சுவிங்கத்துக்குப் போடும் ஒரு வெள்ளைத் தூளை இணையத்தில் வாங்கினார். அதற்கு மணமில்லை, ருசியில்லை. வெறும் குளிர் மட்டும். அதைக் கரைத்துச் சொட்டு விட்டால் சொர்க்கம் என்றார்.

அந்தக் குளிருக்கு ஒரு குணம் உண்டு. நாக்கு அதற்குப் பழகிவிடும். நேற்று விறைக்க வைத்த அளவு இன்றைக்கு வெறும் காற்று. ஆகவே அத்தான் கூட்டிக்கொண்டே போனார். கூட வேலை செய்பவர் ஒருவர் ஒரு தரம் இழுத்துவிட்டு, கண்ணில் நீர் வழிய, "அண்ணை, மூளை கட்டிபட்டுப் போச்சு" என்றார். அத்தான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

அந்த நாட்களில் அக்காவுக்கு ஒரே யோசனைதான். பிஸ்கற் தொழிற்சாலையில் நின்று பெட்டி அடுக்கும் வேலையை விட்டுவிட்டுச் சமையலையே தொழிலாக்க வேண்டும். அதற்கு ஒரு வழி திறந்தது. பக்கத்துத் தெருவில் புதுவீடு வாங்கிய ஓர் அன்ரி, குடிபூரல் சாப்பாட்டை அவளிடம் கொடுத்தார். கோயில் அன்னதானத்துக்கு யார் சமைப்பது என்பதைத் தீர்மானிக்கும் வாயும் அந்த அன்ரியுடையதுதான். சாப்பாடு பிடித்தால் கோயில் சமையல். பிடிக்காவிட்டால் திரும்பவும் பிஸ்கற்.

படையலுக்குப் போகும் சமையலை முதலில் வாயில் வைக்கக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் வழக்கம். உப்பைக் கண்ணாலும் மற்றதை மூக்காலும் பார்க்க வேண்டும். அக்கா இதில் கெட்டிக்காரி. அன்றைக்குச் சவ்வரிசிப் பாயாசத்துக்கு ஏலக்காயை மெஷினில் அரைத்துப் போட்டு, குனிந்து ஒருதரம் மணந்து பார்த்தாள். திருப்தியாகத் தலையாட்டி மூடினாள். நானும் அத்தானும் பெரிய பெரிய கிடாரங்களை வான் வண்டியில் ஏற்றினோம்.

ஐயர் பூசையை முடித்தார். சுவாமிக்குப் படைத்தார்கள். சுவாமி எதுவும் சொல்லவில்லை. பிறகு ஆட்கள் சாப்பிட்டார்கள். சோறும் கறிகளும் நன்றாகவே போயின. கடைசியில் கடுதாசிக் கப்பில் சுடச்சுடப் பாயாசம் வந்தது. முதலில் குடித்த பெண் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடுத்தவர் தன்னுடையதைக் கொண்டுபோய் மைக்ரோவேவில் வைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை உருவானது. சூடாக்கி வாங்கியவர்கள் ஒரு வாய் வைத்துவிட்டு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள்.

அக்கா ஓடிவந்து ஆறிவிட்டதோ என்று கேட்டாள்.

"ஆறேல்லை பிள்ளை," என்றார் வீட்டுக்கார அன்ரி. "ஆவி பறக்குது. கை சுடுது. வாய்க்குள்ள போனாத்தான் ஐஸ்பெட்டி."

அக்கா ஒரு கரண்டி குடித்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண் மெதுவாக அத்தான் இருந்த பக்கம் திரும்பியது. எங்கள் இருவரையும் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டு, அத்தானின் கையில் ஒரு கப்பைக் கொடுத்தாள். அவர் குடித்தார். இன்னும் கொஞ்சம் குடித்தார். பாயாசத்தில் ஒரு பிழையும் இல்லை, சூடாகத்தான் இருக்கிறது, கஜுப்பருப்பு மட்டும் கொஞ்சம் குறைவு என்று தீர்ப்புச் சொன்னார். வெளியே ஒரு கூட்டமே விறைத்துப்போய் நிற்க, அந்தக் குளிரை உணராத ஒரே நாக்கு அவருடையது. வேறு சாட்சி தேவைப்படவில்லை.

பிறகு விசாரணை. தூள் கட்டிபட்டிருந்ததாம். கட்டி கரையாதாம். அதனால் முதல்நாள் அதை ஏலக்காய் மெஷினில் போட்டு ஒரு சுற்று விட்டாராம். பிறகு துடைத்து, விரலை உள்ளே விட்டு நக்கிப் பார்த்தாராம், ஒன்றும் தெரியவில்லையாம். ஆகவே சுத்தமாம்.

"அதுக்குள்ள நிக்கொட்டின் இருக்கோ?" என்று கேட்டாள் அக்கா.

அது வேறு போத்தல், பூட்டி வைத்திருக்கிறது, மெஷின் பக்கமே வந்ததில்லை என்று பிள்ளைகளின் தலையில் சத்தியம் பண்ணினார். அக்காவுக்கு மூச்சு வந்தது. அதற்குள் அத்தானுக்கு யோசனையும் வந்துவிட்டது.

"இஞ்சை பாரும், ஒண்டும் சொல்லாதையும். பச்சைக் கற்பூரம் கொஞ்சம் கூடிப்போச்செண்டு சொல்லும். சனம் நம்பும்."

நல்ல பொய். பத்திரிகையில் வேலை செய்த காலத்தில் இதைவிடக் கேவலமான மறுப்பறிக்கைகளை நான் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். கற்பூரம் என்றால் சனம் கும்பிட்டுக்கொண்டு குடிக்கும். கோயில் சமையலும் கிடைக்கும்.

அக்கா கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள்.

"அன்ரி, பாயாசத்தை ஒருத்தரும் குடிக்கவேண்டாம். இவர் வேப்புக்குப் போடுற தூள் மெஷினில ஒட்டியிருந்திருக்கு. சுவிங்கத்தில போடுறதுதான், நஞ்சில்லை. ஆனா நான் குடுக்க நினைச்ச சாப்பாடு உதில்லை."

கையிலிருந்த கப்புகள் ஒவ்வொன்றாக மேசைக்குத் திரும்பின. ஒரு இளைஞன் மட்டும் எந்த பிராண்ட் என்று ஆங்கிலத்தில் கேட்டான். மூன்றாவது கப்பில் இருந்த அங்கிள் ஒருவர், ஐப்பசியில் அடைத்த மூக்கு இப்போதுதான் திறந்திருக்கிறது, கிடாரத்தைத் தூக்க வேண்டாம் என்று மன்றாடினார். தூக்கினோம். அத்தான்தான் அதைப் பின்வாசலில் நின்று கொட்டினார். வாசலில் நின்ற பெண்கள் அவருக்கு மரியாதையாக வழிவிட்டார்கள். போர்வை ஏதும் வேண்டுமோ என்று ஒருத்தி கேட்டாள்.

கோயில் சமையல் போய்விட்டது என்றே நினைத்தோம். அக்கா பிஸ்கற் பெட்டிகளுக்குத் திரும்பிப் போனாள். வீட்டில் அந்த மெஷின் குப்பைக்குப் போனது. அதன் பின்னால் வெள்ளைத் தூளும், மாம்பழமும், லிச்சியும் போயின. அத்தான் எதிர்க்கவில்லை. குரல் இல்லாத கட்சி அவர்.

கொஞ்ச நாள் கழித்து அன்ரியிடமிருந்து அழைப்பு வந்தது. அக்கா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அன்ரி சுற்றி வளைக்கவில்லை. நானே முதலில் பச்சைக் கற்பூரம் கூடிவிட்டதென்றுதான் நினைத்தேன், அப்படிச் சொல்லித் தப்பியிருக்கலாம், நீ சொல்லவில்லை என்றார். கோயிலில் முதலாவது வெள்ளிக்கிழமைச் சமையலைச் செய்து பார், அதற்குப் பிறகு யோசிப்போம் என்றார்.

"செய்யிறன் அன்ரி. ஆனா ஒரு விசயம். இனி நான் ருசி பாக்காமல் ஒண்டும் படையலுக்கு அனுப்பமாட்டன். சாமி கோவிச்சா நான் கதைச்சுக்கொள்ளுறன்."

அன்ரி அதை ஐயரிடம் கேட்கவா, சுவாமியிடம் கேட்கவா என்று யோசித்திருக்க வேண்டும். ஒருவரிடமும் கேட்கவில்லை.

"ஓம் பிள்ளை, பாத்துச் செய்யும்," என்றார். "பாயாசத்தை மட்டும் நாங்களே காய்ச்சிறம்."