தேவகி அடுக்கிய ஐஸ்

தேவகி ஐஸ் அடுக்கிய பெட்டி என்றால் பழவேற்காட்டு ஏலத்துறையில் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். நொறுக்கிய ஐஸில் கல்லுப்பைத் தூவுவாள். மீன் கல்லாக இறுகிவிடும். எது கெடக்கூடாதோ அதை ஐஸில் புதை. பசியாவரம் தீவுக்காரியான அவளுக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான்.

கொரோனா இரண்டாம் அலையில் அவள் கணவன் வரதன் காய்ச்சலுக்குத் தப்பிக் கறுப்புப் பூஞ்சையிடம் மாட்டிக்கொண்டான். கண் வீங்கி, கன்னம் கறுத்து, பொன்னேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதற்கான ஊசி மருந்து எங்கும் கிடைக்கவில்லை. நாயாய் அலைந்து சென்னையில் வாங்கினாள் தேவகி. கொடுத்தவன், "சூடு பட்டா போச்சு" என்று மட்டும் சொன்னான். உறையவும் கூடாது என்று சொல்லியிருந்தால் அவன் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்?

ஊர் திரும்பும் மீன் வண்டியில் ஏறி, குப்பிகளை ஐஸில் புதைத்து, பழக்கம் போல் உப்பையும் தூவினாள்.

வார்டு வாசலில் குப்பியைத் தூக்கிப் பார்த்த நர்ஸ் கிறிஸ்டினாவுக்கு முகம் மாறியது. "கட்டியாயிடுச்சேக்கா!"

"கெடாம இருக்கத்தான் வச்சேன். செத்த நேரம் வெளிய வச்சா இளகிடும்மா."

"இளகினாலும் ஆவாதுக்கா. இது கிட்னிய அடிக்கிற மருந்து. அதனாலதான் பொடிப்பொடியா கொழுப்புக் கூடு கட்டி உள்ள வச்சிருக்காங்க. கூடு உடம்புக்குள்ள போயி மெதுவா மருந்த எறக்கும். ஐஸ்ல கூடெல்லாம் உடைஞ்சிடுச்சு."

தேவகி குப்பியை உள்ளங்கையில் வைத்துப் பொத்தினாள். இளகிய மஞ்சள் மருந்து, திரிந்த பாலாகத் திப்பித்திப்பியாக நின்றது.

உள்ளே வரதன் கேட்டான்: "இன்னா தேவகி, கெடாம கொண்டாந்தியா?"

"கொண்டாந்துட்டேன்யா."

வேறு வழியில்லாமல் கூடு இல்லாத பழைய வகை மருந்தை ஏற்றினார்கள். பூஞ்சை அடங்குவதற்குள் சிறுநீரகம் அடங்கிவிட்டது. வரதன் போய்ச் சேர்ந்தான்.

உடல் படகில் வந்தது. மகள் அனிதா நெல்லூரிலிருந்து வர வேண்டும். பங்காளிகள் ஐஸ் பாளங்களை இறக்கிவிட்டு, "நீயே அடுக்கு தேவகி, உன் கை பட்டாதான் தாங்கும்" என்றார்கள்.

"வாணாம்! அவருக்கு நான் ஐஸ் போட்டது போதும், எடுத்துப் போங்க!" என்று அலறினாள். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தார்கள். வெயிலோ கொளுத்தியது. காத்திருக்காமல் அடக்கம் செய்துவிட்டார்கள்.

சாயங்காலம் வந்த அனிதா தாயின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நைனா மூஞ்சகூட பாக்க வுடலியே! இந்த ஊர்ல ஐஸுக்கா பஞ்சம்? எனக்காக ஒரு பொழுது வச்சிருக்கக் கூடாதாம்மா?"

தேவகி வெறும் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டாள்.