நானூற்றுப் பதினேழு, இரண்டு தடவை

ஆரியங்கோட்டில் ரப்பர் பால் வெட்டும் லீலாபாய்க்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது; எண்களோடு விளையாடுவது நிற்கவில்லை. மூன்று இலக்க எண் எதையும் அடுத்தடுத்து இருமுறை எழுதி, ஏழு, பதினொன்று, பதின்மூன்று என்று ஒவ்வொன்றாக வகுத்தால் முதல் எண்ணே திரும்பி வரும். வகுக்கும் மூன்றையும் பெருக்கினால் ஆயிரத்தொன்று; இருமுறை எழுதுவதும் ஆயிரத்தொன்றால் பெருக்குவதும் ஒன்றே, காரணம் அதுதான். மரத்துக்கு மரம் நடக்கையில் அவளே கண்டுபிடித்தது. பேசக் கூச்சப்படுகிறவள், நாத்தனார் ஷாலுவிடம் மட்டும் சொன்னாள்.

"ஆருட்டயும் சொல்ல மாட்டேன் மைனி," என்றாள் ஷாலு.

சபை ஆண்டுவிழா மேடையில் அதே ஷாலு 417417 என்று பலகையில் எழுதினாள். வகுத்து வகுத்து 417-க்கு வந்ததும் பலத்த கைதட்டல்.

"இத எங்க படிச்ச மக்கா?" என்று போதகர் கேட்டார்.

"நானே கண்டுபிடிச்சதாக்கும்." ஆயிரத்தொன்றையும் லீலாபாயின் சொற்களிலேயே விளக்கிவிட்டு, முன்வரிசையைப் பார்த்தாள். "மைனி, நீங்க ஒரு நம்பர் சொல்லுங்க."

லீலாபாய் மெல்ல எழுந்தாள்.

"எனக்கு கணக்கு தெரியாதே," என்று சொல்லி ஷாலுவின் முகத்தையே பார்த்தாள். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தாள்.

"பயப்படாதீங்க மைனி, நான் சொல்லித் தாறேன்," என்றாள் ஷாலு.

சபை முழுக்கச் சிரித்தது.